மூச்சு மீதி

இருபத்தெட்டு வருடம் இந்த ஊரை இழுத்து ஏற்றியவள் நான்.
வால்பராய்சோவில் வீடுகளெல்லாம் குன்றின் மேல்,
கடலும் கடைகளும் கீழே.
நடுவில் சாய்ந்த தண்டவாளத்தில் என் மரப்பெட்டி:
ஒரு நெம்புகோல், ஒரு மணி, உட்கார ஒரு முக்காலி.
பக்கத்திலேயே படிக்கட்டு.
நூற்று அறுபத்திரண்டு படி என்பார்கள். நான் எண்ணியதில்லை.
படி, காசில்லாதவர்களுக்கும் காதலர்களுக்கும்.

பிறகு ஒரு ஜூலை, எங்கள் குளிர்காலம்.
இடது தோளில் யாரோ ஈரத்துணி பிழிந்தார்கள்.
இரண்டு ஸ்டென்ட்.
"இதோ, ரத்தம் ஓடுகிறது பாருங்கள்" என்றார் மருத்துவர்.
பார்த்தேன். வேறு யாருடைய ஆறோ போல இருந்தது.

வீடு திரும்பிய பின்
முட்டைக் கூடையைப் போல
என்னை நானே தூக்கிக்கொண்டு நடந்தேன்.
செருப்பு மாட்டக் குனியுமுன் யோசித்தேன்.
இரவில் தலையணைக்குள் அது துடிக்கும்.
ஒன்று தவறினால் விளக்கைப் போடுவேன்.

செவ்வாயும் வெள்ளியும் மருத்துவமனைக் கீழ்த்தளம்.
நகராத சைக்கிள்கள் ஆறு.
யெசேனியா சுவரில் இருந்த அட்டையைக் காட்டுவாள்:
"ஆறிலிருந்து இருபதுக்குள் எவ்வளவு கஷ்டம், சென்யோரா எர்மிந்தா?"
"பதினொன்று."
எப்போதும் பதினொன்று.
கஷ்டத்துக்குத்தான் அட்டை இருந்தது, பயத்துக்கு இல்லை.
மிதிக்காமலே மிதிப்பது போல் முகம் வைக்க எனக்குத் தெரியும்.

அவளுக்கும் தெரிந்திருந்தது.
"பேச முடிந்தால் சரியான வேகம்.
பாட முடிந்தால் இன்னும் அழுத்துங்கள்.
பேச்சே வரவில்லையா, குறையுங்கள்.
அவ்வளவுதான்."

அடுத்த சைக்கிளில் ஓனோஃப்ரே, துறைமுகத்துக் கிரேன்காரர்.
கப்பல் கப்பலாய்ப் பெட்டி தூக்கியவருக்கு
நெஞ்சின் நடுவில் தையல்.
இருமல் வந்தால் ஒரு குட்டித் தலையணையை அணைத்துக்கொள்வார்.
"நமக்கு ஒரே தொழில்" என்பார்,
"நாம் உட்கார்ந்திருப்போம், மற்றதெல்லாம் ஏறும்."

ஒன்பதாம் வாரம் அவர் சைக்கிள் காலி.
பத்தாம் வாரமும்.
போனில் சொன்னார்:
"அவ்வளவு மிதித்தும் அதே இடத்தில்தானே இருக்கிறேன்?"

கோபம் வந்தது. ஏன் என்று இன்றும் சரியாகத் தெரியாது.
என் பயத்தை அவர் சத்தமாகச் சொல்லிவிட்டதாலோ என்னவோ.
அவர் வீடு தொண்ணூற்று மூன்றாம் படியில், நீலக் கதவு.
பெட்டி நடுவில் நிற்காது.
நிறுத்தச் சொல்லி எத்தனை பேர் கெஞ்சியிருக்கிறார்கள், நான் சம்மதித்ததில்லை.
மேலே போய் இறங்கி வந்திருக்கலாம்.
அது தோன்றவே இல்லை.

இருபதில் நின்றேன்.
நாற்பதில் ஒரு தெருநாய் என்னை முந்தியது,
நாக்கு தொங்க, விலாவெல்லாம் துடிக்க.
தன் துடிப்பை அது எண்ணுவதாகத் தெரியவில்லை.
எழுபத்தொன்றில் நெஞ்சு தடதடத்தது.
இதுதான், என்று சுவரைப் பிடித்தேன்.
வலிக்காகக் காத்திருந்தேன்.
வியர்வை வந்தது. மீன்வாடைக் காற்று வந்தது.
வலி வரவில்லை.
ஏற்றத்தில் என் மோட்டாரும் இப்படித்தான் சத்தம் போடும்.
வேலை செய்கிற சத்தம்.
அதைக் கேட்டு ஒருநாளாவது பெட்டியை நிறுத்தியிருக்கிறேனா?

கதவு திறந்தது.
"மனுஷனா நீங்க, அந்தப் பொண்ணு ரெண்டு வாரமா
உங்க சைக்கிள்ல யாரையும் ஏறவிடாம வச்சிருக்கு,
தலையணை வேற அங்கேயே கெடக்கு,
டோமினோ ஆட மட்டும் இதயம் வேணுமோ,
எனக்குப் பயமில்லையா, எனக்கென்ன இரும்புலயா செஞ்சிருக்கு..."

சட்டென நிறுத்தினேன்.
அவரும் கவனித்துவிட்டார்.
அத்தனையும் ஒரே மூச்சில்.
தொண்ணூற்று மூன்று படி ஏறியும்
திட்டுவதற்கு மூச்சு மீதி இருந்தது.

வெள்ளிக்கிழமை "எண்?" என்றாள் யெசேனியா.
"பதின்மூன்று" என்றேன்.
அவள் எழுதாமல் ஒரு நொடி என்னைப் பார்த்தாள்.
ஓனோஃப்ரே அரைமணி தாமதமாக வந்து
சீட்டு உயரம் மாறிவிட்டது என்று முணுமுணுத்தார்.

இன்று மழை.
பெட்டியில்தான் ஏறி வந்தேன்.
புதுப் பையன் காசு வாங்க மறுத்தான்.
மேலே இறங்கியபோது எதிரே படிக்கட்டு, நனைந்துகொண்டு.
கடன் கொடுத்தவனிடம் சொல்வது போல
"நாளைக்கு" என்றேன்.